யார் முதல்ல நிறுத்துறது?

— எந்தக் கையால பல்லு தேய்க்கிறீங்க?

— இது என்ன டாக்டர் கேள்வி? சோத்துக் கையாலதான். ஊர்ல எல்லாரும் எந்தக் கையால தேய்க்கிறாங்களோ அந்தக் கையால.

— இன்னொரு தடவை வாயைத் திறங்க. போதும். இந்தக் கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு வலது பக்கம் பாருங்க. கீழ்வரிசையில இந்தக் கோரைப்பல்லும் அதுக்குப் பக்கத்துப் பல்லும் நீளமா தெரியுதா?

— வயசானா பல்லு நீளும்னு சொல்லுவாங்களே?

— பல்லு நீளல, டெய்லரம்மா. ஈறு இறங்கிடுச்சு. உள்ள இருக்க வேண்டிய வேர் வெளிய வந்து நிக்குது. அதான் தண்ணி பட்டா கூசுது. பல்லோட கழுத்துல பாருங்க, அரம் வச்சுத் தேய்ச்ச மாதிரி ஒரு பள்ளம்.

— ஆமா டாக்டர். நகம் வச்சா மாட்டுது.

— நகம் வைக்காதீங்க. சிம்பிளா சொல்றேன். அழுத்தி, ரொம்ப நேரம் தேய்ச்சா இப்படி ஆகும். வலது கையால தேய்க்கிறவங்களுக்குப் பெரும்பாலும் இடது பக்கம்தான் முதல்ல போகும். உங்க இடது பக்கம் பெட்டியில இருந்து எடுத்த புதுச் சட்டை மாதிரி இருக்கு. போனது பூரா வலது பக்கம். இது இடது கைக்காரங்க வாய்.

— அப்ப நான் இடது கைக்காரியா இருந்துட்டுப் போறேன்.

— கட்டை விரலைக் காட்டுங்க. கத்தரிக்கோல் காய்ப்பு எந்தக் கையில இருக்கு?

— நீங்க டாக்டரா, போலீஸா?

— ஈறு டாக்டர். பாதி போலீஸ். ரெண்டு தடவை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தேன். ரெண்டு தடவையும் நீங்க வரல. ஊசின்னா பயமா?

— ஊசியைப் பாத்து நானா? என் பிழைப்பே ஊசியிலதான் டாக்டர் ஓடுது. கல்யாணத் தையல் ஒண்ணு வந்துடுச்சு, அதான். அப்புறம் மெஷின் மோட்டார் மக்கர் பண்ணுச்சு...

— மோட்டாரை விடுங்க. இந்த ஆபரேஷனைப் பத்திச் சொன்னா எல்லாரும் என்கிட்ட கேக்கிறது ஒரே கேள்வி: வலிக்குமா? நீங்க மட்டும் வந்த தடவையெல்லாம் வேற ஒண்ணு கேக்கிறீங்க. எப்ப மறுபடியும் பல்லு தேய்க்கலாம்? அதை மட்டும்தான் கேக்கிறீங்க.

— சுத்தம் பாக்கிறவ. கேக்கக் கூடாதா?

— இந்தாங்க, புது பிரஷ். எப்படித் தேய்ப்பீங்கன்னு காட்டுங்க. பாத்தீங்களா, யோசிக்காம வாங்கினீங்க. எந்தக் கைக்குப் போச்சு?

— ஐயோ.

— இடது கை. சொல்லுங்கம்மா. கையில ஏதாவது அடியா?

— கை நல்லாத்தான் இருக்கு. சிரிக்க மாட்டீங்கன்னா சொல்றேன்.

— சிரிக்க மாட்டேன்.

— வீட்டுக்காரருக்கு மறதி டாக்டர். சாவியை எங்க வச்சோம்ங்கிற மறதி இல்ல. சாவி எதுக்குன்னே தெரியாம போற மறதி.

— வெளிய உக்காந்திருக்காரே, மாஸ்டர்... தெரியும்மா. போன தடவையே பாத்தேன்.

— மாஸ்டரா? அவரை உங்களுக்குத் தெரியுமா?

— வண்டி ஓட்டக் கத்துக்கிட்டதே அவர்கிட்டதான். 'கண்ணாடி பாத்தியா தம்பி, கண்ணாடி பாத்தியா'ன்னு காதுல ஓதிக்கிட்டே இருப்பார். இன்னைக்கும் வண்டியை எடுத்தா அந்தக் குரல் பின்னாலயே வருது. போன தடவை பக்கத்துல போய் வணக்கம் சொன்னேன். 'எந்த ஊருக்கு டிக்கெட்டு?'ன்னு கேட்டார்.

— உங்களைக் கண்டக்டர்னு நினைச்சிருப்பார். என்னை ஒருநாள் நர்ஸும்பார். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரிம்பார். நேத்து என்கிட்டயே வந்து 'என் வீட்டுக்காரி கடைக்குப் போயிருக்கா, வந்ததும் வாங்க'ன்னு கதவைச் சாத்திட்டார். என் வீட்டு வாசல்ல நானே நிக்கிறேன், கையில காய்கறிப் பையோட.

— அதுக்கும் இடது கைக்கும் என்னம்மா சம்பந்தம்?

— கேளுங்க கூத்தை. ஒருநாள் காலையில பாத்ரூம்ல பிரஷ்ஷைக் கையில வச்சுக்கிட்டு மலைச்சுப்போய் நிக்கிறார். பேஸ்ட் வச்சாச்சு. அடுத்து என்னன்னு தெரியல. சீப்பு மாதிரி தலையில வச்சு வாரினார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு டாக்டர். தலையெல்லாம் பேஸ்ட். நான் சிரிக்க, அவரும் சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே இருந்தவர் அப்படியே அழ ஆரம்பிச்சுட்டார்.

— நீங்க தேய்ச்சுவிட்டுப் பாத்தீங்களா?

— கடிச்சுட்டார். வலிக்கணும்னு இல்ல, பயத்துல. இப்ப தழும்புகூட இல்ல. எங்க பொண்ணு வந்து செஞ்சு பாத்தா. 'பிரஷ் விக்க வந்தியாம்மா, எங்க வீட்டுல நிறைய இருக்கு'ன்னு அனுப்பிட்டார். கடைசியில ஒண்ணு பண்ணினேன். அவருக்கு நேர் எதிர்ல நின்னு நான் பாட்டுக்கு என் பல்லைத் தேய்ச்சேன். உத்து உத்துப் பாத்தார். பாத்துக்கிட்டே அவரும் தேய்ச்சார்.

— உங்களைப் பாத்துச் செய்றார்.

— அப்படியே செய்றார். அதுலதான் வில்லங்கம். நான் வலது கையில வச்சிருந்தா அவர் இடது கைக்கு மாத்துறார். கண்ணாடியில பாக்கிறோம்ல, அந்த மாதிரி. இடது கையில பிரஷ் நிக்க மாட்டேங்குது, நழுவுது, கோவம் வந்து வீசுறார். சரி, நாம மாத்திக்குவோம்னு நான் இடது கைக்கு மாறினேன். அவருக்கு வலது கை ஆயிடுச்சு. பழகின கை. ஜம்முனு தேய்க்கிறார்.

— உங்க இடது கைக்கு அழுத்தம் பழக்கமில்ல. வலது கைக்கு எங்க விடணும், எங்க பிடிக்கணும்னு தெரியும். இது அரைச்சுத் தள்ளிடுச்சு. எவ்வளவு நேரம் தேய்ப்பீங்க?

— அவர் நிறுத்துற வரைக்கும். பாதியில நான் நிறுத்தினா குழம்பிப் போயிடுவாரோன்னு பயம். அவரா நிறுத்தவே மாட்டார் டாக்டர். ரெண்டு பேரும் வாய் நிறைய நுரையோட எதிர் எதிரா நிக்கிறோம். எனக்குக் கை ஓஞ்சு கீழ விழுந்தாத்தான் உண்டு. நான் நிறுத்தின அடுத்த நொடி அவரும் நிறுத்திடுவார்.

— காலையிலயும் ராத்திரியிலயுமா?

— ஆமா. சிரிக்கிறீங்க.

— இல்லம்மா. சிரிக்கல.

— ஆபரேஷன் பண்ணினா தேய்க்கக் கூடாதுங்கிறீங்க. அங்கதான் எனக்கு இடிக்குது. அவருக்கு விட்டது விட்டதுதான். என் தங்கச்சி ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நான் போய்த் துணைக்கு இருந்துட்டு வந்தேன். வர்றதுக்குள்ள அவருக்கு ஷேவிங் போயிடுச்சு. நான் போனப்ப தானே ஷேவ் பண்ணிக்கிட்டிருந்த மனுஷன். வந்து ரேசரைக் கையில கொடுத்தா, 'இது என்ன, ரொம்ப அழகா இருக்கே'ங்கிறார். திரும்ப வரவே இல்ல.

— பல்லு தேய்க்கிறதும் அப்படிப் போயிடும்னு பயப்படுறீங்க.

— பல்லுக்காக மட்டும் இல்ல டாக்டர். நாள் பூரா அவர் என்னைத் தாண்டித்தான் பாப்பார். எனக்குப் பின்னால யாரோ நிக்கிற மாதிரி. பல்லு தேய்க்கிற நேரம் மட்டும் என் முகத்தைப் பாக்கிறார். கண்ணு எடுக்காம. பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக்கூட அப்படிப் பாக்கல. அதையும் போய் நானே நிறுத்தணுமா?

— சரி. இப்ப நான் சொல்றதையும் கேளுங்க. இப்படியே விட்டா அந்த வேர் சொத்தையாகும். மிச்சம் இருக்கிற ஈறும் மெல்லிசு, நாளைக்கு அதுவும் இறங்கும். ரெண்டு பல்லும் ஆட ஆரம்பிச்சா அப்புறம் எந்தக் கையாலயும் தேய்க்க அங்க ஒண்ணும் இருக்காது. மாஸ்டர் அப்ப யாரைப் பாத்துச் செய்வாராம்?

— பயமுறுத்துறீங்க.

— பயமுறுத்தினா வருவீங்களா?

— எங்கிருந்து எடுத்து ஒட்டுவீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.

— உங்க மேலண்ணத்துல இருந்துதான். மேல்தோலோட வெட்டி அப்படியே ஒட்டுறது ஒரு முறை. கெட்டியா பிடிக்கும். ஆனா அந்த இடம் மட்டும் வெளுப்பா தெரியும்.

— சிவப்பு ரவிக்கையில ரோஸ் கலர் ஒட்டு. வேண்டாம்.

— பக்கத்து ஈறையே நகர்த்தி மூடுறது இன்னொரு முறை. உங்களுக்குப் பக்கத்துல நகர்த்துற அளவுக்கு ஈறு இல்ல.

— துணி பத்தாது.

— பத்தாது. அதனால மேலண்ணத்துல சின்னதா ஒரு கீறல் போட்டு, தோலுக்கு அடியில இருக்கிற சதையை மட்டும் உருவிட்டு, தோலைத் திரும்ப மூடித் தைச்சுடுவேன். இங்க ஈறை வெட்டிப் புரட்டாம, அடியில சுரங்கம் மாதிரி தளர்த்தி, அந்தச் சதையை உள்ள நுழைச்சு, ஈறையும் சேத்து மேல இழுத்துக் கட்டிடுவேன்.

— அதாவது லைனிங். கழுத்துப்பட்டிக்கு உள்ள கேன்வாஸ் வைக்கிறோம்ல, அது. வெளிய தையலே தெரியாது.

— இதை இவ்வளவு சுருக்கமா எனக்கு யாரும் சொன்னதில்ல.

— அசையாம இருக்கணுமா?

— அதுதான் முக்கியம். அந்தச் சதைக்கு அங்க புது ரத்தம் ஓடணும். ஓடுறதுக்குள்ள அசைஞ்சா வெளுத்துப்போய் செத்துடும். உதட்டை இழுத்து இழுத்துப் பாக்கக் கூடாது. மறுபக்கம் தேய்ச்சாலும் உதடு இழுக்கும், அதனால வாயிலயே பிரஷ் படக் கூடாது. மருந்துத் தண்ணி மட்டும்.

— அப்ப அவருக்கு?

— நடிங்க. பேஸ்ட் இல்லாத வெறும் பிரஷ். வாய்க்குக் கொஞ்சம் வெளிய, எதுலயும் படாம கையை ஆட்டுங்க. அவர் பாக்கட்டும்.

— நடிப்பா? பள்ளிக்கூட நாடகத்துலயே என்னை மரமா நிக்க வச்சாங்க டாக்டர்.

*

— சிஸ்டர், துணியை இன்னும் கொஞ்சம் கீழ இறக்குங்க. மூக்கு மறையக் கூடாது. கண்ணை மூடிடுங்க, லைட்டு உறுத்தும். அம்மா, மரத்துப்போச்சா? வாயை மூடாம சொல்லுங்க. ஒரு 'ம்' போட்டா ஆமா. ரெண்டு போட்டா இல்ல.

— ம்.

— நல்லது. மாஸ்டர், நீங்க அந்த நாற்காலியிலயே இருங்க. எழுந்திரிக்க வேண்டாம்.

— என்ன தம்பி, பானெட்டைத் திறந்து போட்டிருக்கே? வண்டி ஸ்டார்ட் ஆகலையா?

— சின்ன வேலைதான் மாஸ்டர். சீக்கிரம் முடிஞ்சிடும்.

— எல்லா மெக்கானிக்கும் அதைத்தான் சொல்றான்.

— அம்மா, சிரிக்காதீங்க. கை அசையுது. முதல்ல வேரைச் சுத்தம் பண்றேன். சுரண்டுற சத்தம் கேக்கும், வலி இருக்காது. சரியா?

— ம்.

— இப்ப ஈறுக்கு அடியில தளர்த்துறேன். நிதானமா போகணும், கிழிச்சுடக் கூடாது. பட்டுத்துணியில தையல் பிரிக்கிற மாதிரின்னு வச்சுக்கங்க. வந்துடுச்சு. மேலண்ணத்துக்குப் போறோம். அழுத்தம் மட்டும் தெரியும். வலிச்சா கையைத் தூக்குங்க.

— தம்பி, இந்தம்மா யாரு?

— உங்க வீட்டம்மாதான் மாஸ்டர்.

— விளையாடாதே. அவ வீட்டுல இருக்கா. தனியா விட்டுட்டு வந்திருக்கேன், சீக்கிரம் போகணும். பாவம், இவங்களுக்குத் துணைக்கு யாரும் வரலையா?

— ம்ம்.

— ஆடாதீங்கம்மா, கத்தி இருக்கு. மாஸ்டர், வந்திருக்காங்க. கூட ஆள் வந்திருக்காங்க.

— இந்தக் கையைப் பாரு. நாற்காலியை என்னமா இறுக்கிப் பிடிச்சிருக்காங்க. முதல் நாள் ஸ்டியரிங் பிடிக்கிறவங்க இப்படித்தான் பிடிப்பாங்க. இந்தாம்மா, கையைத் தளர்த்து. பதட்டம் கூடாது. கிளட்ச்சுல இருந்து காலை மெதுவா எடு. இன்னும் மெதுவா. வண்டி உன்னை விட்டு எங்கயும் போயிடாது.

— சிஸ்டர், பஞ்சை வச்சு அழுத்திப் பிடிங்க. அண்ணத்துல ரத்தம் நிக்கட்டும். சதை நல்லாவே வந்திருக்கும்மா. கேன்வாஸ் கனம். உங்க பாஷையில சொல்லணும்னா முதல் தரம்.

— பயமா இருக்காம்மா உனக்கு?

— ம்.

— பயப்படாதே. எல்லாம் நீதான் ஓட்டுறேன்னு நினைக்காதே. இந்தப் பக்கம் என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு. நான் பாத்துக்குவேன். ரோட்டைப் பாத்து ஓட்டு, போதும்.

— மாஸ்டர்... இதை என்கிட்டயும் சொல்லியிருக்கீங்க. லாரி எதிர்ல வந்தப்ப ஸ்டியரிங்கை விட்டுட்டுக் கண்ணைப் பொத்திக்கிட்டேன். நீங்க பிரேக் போட்டு நிறுத்திட்டு இதைத்தான் சொன்னீங்க.

— அப்படியா? நீ எந்த பேட்ச்சு?

— உள்ள நுழைக்கிறேன்மா. நூல் இழுக்கிற மாதிரி இருக்கும். ஒரு பக்கம் வந்துடுச்சு. இன்னொரு பக்கம். சரியா உக்காந்துடுச்சு. தைக்கப் போறேன். அம்மா? வலிக்குதா?

— ம்ம்.

— அப்புறம் ஏன் துணி நனையுது? சிஸ்டர், கண்ணைத் துடைச்சுவிடுங்க. அழாதீங்கம்மா. அழுதா உதடு இழுக்கும். அப்புறம் அழுதுக்கலாம்.

*

— வாங்க டெய்லரம்மா. உதட்டைத் தொடாம நல்ல பிள்ளையா இருந்தீங்களா?

— தொடல. கண்ணாடி பக்கமே போகல. பிடிச்சிருக்கா டாக்டர்?

— நீங்களே பாருங்க. இளஞ்சிவப்பு. புது ரத்தம் ஓடுது. வேர் முக்கால்வாசி மூடிடுச்சு. அண்ணத்துல தைச்ச இடமும் ஆறியாச்சு. இதைவிட நல்லா வராது.

— சந்தோஷம்.

— இவ்வளவு சோகமா யாரும் சந்தோஷம்னு சொல்லி நான் கேட்டதில்ல.

— உங்க வேலை ஜெயிச்சிடுச்சு டாக்டர். என் வேலைதான் தோத்துப்போச்சு.

— மாஸ்டரா?

— முதல் நாள் நீங்க சொன்ன மாதிரியே எதிர்ல நின்னேன். வெறும் பிரஷ்ஷை வாய்க்கு வெளிய வச்சுக் கையை ஆட்டினேன். பாத்தார். தலையை இப்படிச் சாய்ச்சு, என் கையைப் பாத்தார், வாயைப் பாத்தார். 'இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம ஸ்டியரிங்கை மட்டும் திருப்புறியே'ன்னு ஒரு அதட்டல். பிரஷ்ஷை வச்சுட்டுப் போயிட்டார்.

— அடடா. கண்டுபிடிச்சிட்டார்.

— மறுநாளும் அப்படித்தான். நுரையைக் காணோம்னு என் வாயையே பாத்துக்கிட்டு நின்னார். முகமே வாடிப்போச்சு. அதுக்கப்புறம் பாத்ரூம் பக்கம் வரவே இல்ல. கூப்பிட்டா, 'இன்னைக்கு லீவு'ங்கிறார். கையைப் பிடிச்சு இழுத்தா உதறுறார். போயிடுச்சு டாக்டர். ஷேவிங் போன மாதிரியே போயிடுச்சு.

— இனிமே நீங்க தேய்க்கலாம்மா. இந்தப் பிரஷ்ஷைப் பாருங்க, பூனை வால் மாதிரி இருக்கும். ஈறுல இருந்து பல்லு நோக்கி, கீழ இருந்து மேல, உருட்டித் தேய்ச்சா போதும். மறுபடியும் எதிர்ல நின்னு பாருங்களேன்.

— எதுக்கு? என் முகம் மறந்துடுச்சு அவருக்கு. இப்ப நான் எதிர்ல போய் நின்னா, வழியில ஏதோ தூண் நிக்கிற மாதிரி சுத்திக்கிட்டுப் போறார். இந்தப் பல்லைக் காப்பாத்தப் போய் நான் அவர்கிட்ட இருந்ததையும் தொலைச்சேன்.

— அப்படிச் சொல்லாதீங்க. தையலைப் பிரிச்சிடலாம், சாய்ஞ்சு உக்காருங்க. லைட்டு கண்ணுல விழாம இந்தக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கங்க. கன்னத்தை இழுத்துப் பிடிக்க இந்த வளையத்தை மாட்டுறேன். கொஞ்ச நேரம் தவளை மாதிரி இருப்பீங்க, கோவிச்சுக்கக் கூடாது. பேச முடியாது. பழைய கணக்குதான்: ஒண்ணுன்னா ஆமா, ரெண்டுன்னா இல்ல.

— ம்.

— தம்பி, உள்ள வரலாமா? வெளிய ஒருத்தரும் வண்டி எடுக்கிற மாதிரி தெரியல.

— வாங்க மாஸ்டர். இப்படிப் பக்கத்துல உக்காருங்க.

— இந்தம்மா யாரு? வெயில்ல வந்தவங்களா, கண்ணாடி போட்டிருக்காங்க?

— நம்மகிட்ட வர்றவங்கதான். மாஸ்டர், ஒண்ணு கேக்கட்டுமா? இன்னைக்குப் பல்லு தேய்ச்சீங்களா?

— இல்ல தம்பி. வகுப்பு நடக்கல.

— எந்த வகுப்பு?

— சொல்றதுக்கு ஒரு மாதிரி இருக்கு. இந்தம்மா வேற இருக்காங்க. வெளிய சொல்லமாட்டாங்களே?

— அவங்களால இப்ப பேசவே முடியாது. நீங்க சொல்லுங்க.

— வீட்டுல என் வீட்டுக்காரி இருக்கா. தையல்காரி. அவ வச்ச காஜாவுல பட்டன் தானா போய் உக்காரும், அவ்வளவு கெட்டிக்காரி. பாவம், அவளுக்கு இப்ப மறதி வந்துடுச்சு தம்பி.

— அவங்களுக்கா?

— மெதுவாப் பேசு. சாவி எதுக்குன்னுகூடத் தெரியல. யார் யாரையோ வீட்டுக்குள்ள விடுறா. ஒரு நர்ஸு வருது, பக்கத்து வீட்டுப் பொம்பளை வருது, காய்கறிப் பையோட எவளோ வந்து நிக்கிறா. கேக்கலாம்னா இவளைக் காணோம். பல்லு எப்படித் தேய்க்கிறதுன்னே மறந்துபோச்சு. எந்தக் கையில பிரஷ்ஷைப் பிடிக்கிறதுன்னுகூடத் தெரியாம இடது கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. கத்தரிக்கோல் பிடிச்ச கை தம்பி அது, வலது கை. அதைப் போய் மறந்துட்டா.

— அசையாதீங்கம்மா. இன்னும் ஒரு தையல்தான். நீங்க... நீங்க சொல்லுங்க மாஸ்டர்.

— திட்டினா யாருக்கும் வராது. எத்தனை பேருக்குக் கத்துக்கொடுத்திருக்கேன். அதான் அவ எதிர்ல நின்னு நான் தேய்ப்பேன். பாத்துக்கிட்டே அவளும் தேய்ப்பா. கண்ணு எடுக்க மாட்டா. ஆனா எப்ப நிறுத்துறதுன்னு தெரியாது அவளுக்கு. நுரை வழிய வழிய நிப்பா. நான் முதல்ல நிறுத்தினா பயந்துடுவாளோன்னு நானும் தேய்ச்சுக்கிட்டே நிப்பேன். அவ கை ஓஞ்சு நிறுத்தினதும் நானும் நிறுத்திடுவேன்.

— அப்புறம் ஏன் மாஸ்டர் விட்டுட்டீங்க?

— நானா விட்டேன்? அவ வர்றதில்ல. வேற ஒருத்தி வந்து காத்துல கையை ஆட்டிக்கிட்டு நிக்கிறா. வாயில நுரையே இல்ல. என் ஆளு அப்படி ஏமாத்த மாட்டா தம்பி.

— அம்மா, கையை விடுங்க. கத்தரி கைதவறிடும். முடிஞ்சது, வளையத்தை எடுக்கப் போறேன்.

— ம்ம். ம்ம்.

— எடுக்க வேண்டாமா? சரி. சரிம்மா. மாஸ்டர், உங்க வீட்டம்மா நாளைக்குக் காலையில நுரையோட வந்து நின்னா போவீங்களா?

— போகாம? பிரஷ் என் சட்டைப் பையிலயேதான் இருக்கு, பாரு. அவளுக்கு முதல்ல பிரஷ் மறந்துச்சு, அப்புறம் கை மறந்துச்சு, அடுத்து நான்தானே? அதான் தம்பி, எனக்கு எல்லாம் நல்லாத் தெரிஞ்சும், தினமும் அவ எதிர்ல போய் என் முகத்தைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன்.